வினவ மறந்த தலைமுறை



நம் வட்டத்துக்கு இன்று வயது பத்து. ஹிட்லரின் ஜெர்மனியில் அந்த வயதில்தான் சிறுவர் சிறுமியரை நாஜி இளைஞர் இயக்கத்தின் முதற்படியில் சேர்த்துக் கொண்டார்கள். பாசிச சர்வாதிகாரம் இளையோரை எவ்வாறு வார்த்தெடுத்தது என்பது குறித்துச் சில கருத்துகளைத் தங்கள்முன் வைக்க விழைகிறேன்.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு மே 10ஆம் நாள் இரவு, பெர்லின் பல்கலைக்கழகத்தை அடுத்த சதுக்கத்தில் நூல்கள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். முன்னின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்களே. பிராய்டும் ரெமார்க்கும் எழுதியவை தீக்கிரையாயின. எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தம் நூல்கள் எரிவதைக் கண்ணாரக் கண்டார். கல்வி ஒன்றே மனிதனைக் காக்கும் என நம்பும் நமக்கு இது பேரெச்சரிக்கை.

அச்சத்தால் மட்டுமே இளைஞர்கள் பணிந்தார்கள் என்று எண்ணுவது பிழை. அவ்வாட்சி அவர்களுக்குச் சீருடை தந்தது. கொடியும் முரசும் தந்தது. பாசறைத் தீயைச் சுற்றிப் பாடும் தோழமை தந்தது. பெற்றோரைவிடத் தாமே பெரியவர் என்னும் பெருமிதமும் தந்தது. அதற்கு ஈடாக, 'ஏன்?' என்று கேட்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. பிற இளைஞர் சங்கங்கள் கலைக்கப்பட்டன. 1939இல் நாஜி இயக்கத்தில் சேர்வது சட்டப்படி கட்டாயமாயிற்று.

பள்ளிக் கணக்குப் பாடமும் தப்பவில்லை. மனநோயாளிகளைப் பேணும் செலவைக் கொண்டு எத்தனை வீடுகள் கட்டலாம் எனக் கணக்கிடுமாறு பாடநூல் கேட்டது. மாணவன் விடை கண்டான். அந்த வினா முறைதானா என்று கேட்கவில்லை. பின்னர், 1940-41ஆம் ஆண்டுகளில் மட்டும், எழுபதாயிரம் பேரளவில் நோயாளிகளையும் ஊனமுற்றோரையும் அரசே நச்சுவாயுவால் கொன்றது.

ஆயினும் எல்லாரும் உறங்கிவிடவில்லை. ஹான்ஸ் ஷோல், அவர் தங்கை சோஃபி இருவரும் தந்தையின் விருப்பத்தை மீறி, ஆர்வத்தோடு நாஜி இளைஞர் இயக்கத்தில் சேர்ந்தவர்கள். அவர்களை மீட்டவற்றுள் முதன்மையானவை, எதையும் விவாதிக்க இடந்தந்த வீடும், நண்பர்கள் கூடிப் படித்த நூல்களுமே. மியூனிக் நகரில் 'வெள்ளை ரோஜா' என்னும் பெயரில் அவர்கள் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களில் கதே, ஷில்லர், லாவோட்சு ஆகியோரின் வாசகங்கள் இடம்பெற்றன. 1943 பிப்ரவரி 22இல் ஹான்ஸ், சோஃபி, கிறிஸ்டோப் புரோப்ஸ்ட் ஆகிய மூவரும் தலை துண்டிக்கப்பட்டு மாண்டனர். சோஃபிக்கு வயது 21. அவர்களைப் பிடித்துக் கொடுத்த பல்கலைக்கழக ஊழியரையோ மாணவர் கூட்டம் கைதட்டிப் போற்றியது.

நூலெரித்த இரவுக்கும் அந்தக் கைதட்டலுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழப் பத்தே ஆண்டுகள். ஒரு தலைமுறையின் மனச்சான்றை மழுங்கடிக்க அது போதுமானதாயிற்று. அதே பத்தாண்டில்தான், கூடிப் படித்த ஒருசிலரிடம் அது கூர்மை பெற்றது.

நண்பர்களே, அவர்களுடையதும் நம்முடையதைப் போன்ற சிறு வாசகர் வட்டமே. நம் கூட்டங்களில் எத்துணை நூல்களைப் போற்றினோம் என்பதைவிட, ஓர் இளைஞன் எழுந்து மறுத்துப் பேசியபோது அவனுக்குச் செவிகொடுத்தோமா என்பதே பெரிது. அடுத்த பத்தாண்டிலும் அந்த இருக்கை அவனுக்காகக் காத்திருக்கட்டும்.