சின்ன புல்லி போட்டால் வண்டி இழுக்குமா?

கிராங்க் புல்லியைச் சின்னதாக மாற்றினால் வண்டி நன்றாக இழுக்கும், மைலேஜும் கூடும் என்று சொல்லி 'அண்டர்டிரைவ் புல்லி' விற்கிறார்கள். தருமபுரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு அது தேவைதானா?

எஞ்சின் முன்னாலிருக்கும் கிராங்க் புல்லிதான் பெல்ட் வழியாக வாட்டர் பம்ப், டைனமோ, ஏசி கம்ப்ரசர் எல்லாவற்றையும் சுழற்றுகிறது. அதன் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், இவை அனைத்தும் அந்த அளவுக்கு மெதுவாகும். அதில் கொஞ்சம் சக்தி மிஞ்சும். உச்சச் சுற்றிலேயே ஓடும் பந்தயக் காருக்கு அது லாபம். அங்கே பம்ப் தேவைக்கு மேல் சுற்றுகிறது.

நமக்கு வாய்த்ததோ தொப்பூர்க் கணவாயும் வத்தல்மலை வளைவுகளும். பாரம் ஏற்றி இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் கொதிக்கும். வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேட்டரில் எதிர்காற்றும் படாது. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஃபேனும் வாட்டர் பம்ப் தண்டில்தான் இருக்கிறது. பம்ப் மெதுவானால் தண்ணீர், காற்று இரண்டுமே குறையும்.

டைனமோவைப் பாருங்கள். ஐடிலில் எஞ்சின் 800 சுற்று, டைனமோ 2000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சின்ன புல்லி போட்டால் டைனமோ 1600-க்கு இறங்கிவிடும். ராத்திரி நெரிசலில் ஹெட்லைட்டும் ஏசியும் பேட்டரியைத்தான் தின்னும்.

இன்னொன்று, பிரேக். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் டைனமோவின் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். டைனமோ தளர்ந்தால் அதுவும் தளரும். தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் இறங்குவதே ஆபத்து. அதோடு இதுவும் சேர்ந்தால் மிதிக்க மிதிக்க பெடல் கெட்டிப்படலாம்.

பல கிராங்க் புல்லிகளுக்குள் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. கிராங்க் தண்டின் முறுக்கு அதிர்வை வாங்கிக்கொள்வது அதுதான். வெறும் அலுமினியப் புல்லி போட்டால் அந்த அதிர்வு தண்டையே தாக்கும். புதிய கார்களிலோ பவர் ஸ்டீயரிங்கும் ரேடியேட்டர் ஃபேனும் மின்சாரத்தில் ஓடுகின்றன. மிச்சம் பிடிக்கவே அதிகம் இல்லை.

இழுவை குறைந்ததாகத் தோன்றினால் முதலில் ஏர் ஃபில்டர், டயர் காற்று, கிளட்ச், இழுபடும் பிரேக் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புல்லிக்குக் கொடுக்கும் பணத்தில் புது பெல்ட்டும் கூலண்ட்டும் மாற்றினால், மேட்டில் வண்டி நிற்காமல் ஏறும்.