இரண்டாம் சுற்று நமக்குக் கிடையாது



அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பாதிக்கு மேல் வாக்கு பெற்றால்தான் வெற்றி. இல்லையேல் முதலிரு வேட்பாளர்களுக்குள் மறுதேர்தல். 2019 அக்டோபரில், பதவியிலிருந்த ஜான் பெல் எட்வர்ட்ஸுக்கு 46.6 சதவீதமே கிடைத்தது. எதிர்க்கட்சியார் இருவரின் வாக்கைக் கூட்டினால் அவரை மிஞ்சியது. ஆனால் நவம்பர் 16-இல் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுதலாக வந்து வாக்களித்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்கள் திரண்டார்கள். சுமார் 40,000 வாக்கில் எட்வர்ட்ஸ் வென்றார்!

நம் சட்டசபைத் தேர்தலில் இரண்டாம் சுற்று இல்லை. ஒரு வாக்கு கூடினாலே வெற்றி. இங்கே பிழைக்க வந்த நாம் பட்டியலில் இல்லாவிட்டால், நம் தெருக் குழாயைப் பற்றி எவர் கவலைப்படுவார்? சொந்த ஊரிலுள்ள பெயரை இங்கே மாற்ற 8-ஆம் எண் படிவம் இருக்கிறது. இந்த வாரமே குடும்பத்தோடு எழுதிக் கொடுப்போம்!