எனக்குத் தேடுது



என் மாணவன் ஒருவன் கட்டுரையொன்றிலே, 'வெளிநாடு சென்ற அண்ணனை நான் மிகவும் தவறவிடுகிறேன்' என்று எழுதியிருந்தான். நல்லூர்த் தேர்க் கூட்டத்திலே அண்ணனைக் கைநழுவ விட்டுவிட்டானோ என்றுதான் எனக்கு முதலில் பட்டது. பிள்ளையின் மனத்தில் நின்றது 'மிஸ்' என்ற ஆங்கில வினை. அகராதியிலே முதலிற் கண்ட பொருளை எடுத்து வைத்துவிட்டான்.

அச்சொல்லின் பழைய பொருள் குறி தப்புதல். எய்த அம்பு படாமற் போவது. பஸ்ஸைத் தவறவிடுவதும், ஒருவர் இல்லாமையை உணர்ந்து வருந்துவதும் பின்னர் அதிலிருந்து கிளைத்தவை. வகுப்பறையிலே ஆசிரியையை 'மிஸ்' என்கிறோமே, அது வேறு சொல். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். ஆங்கிலேயருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வினை போதும். நாமோ 'பஸ் தவறிப்போச்சு' என்போம். 'அவர் தவறிப்போனார்' என்றால் செத்தவீட்டுக்கல்லவா புறப்பட வேண்டும்!

தாயைக் காணாமற் குழந்தை சிணுங்கினால், 'பிள்ளைக்குத் தாயைத் தேடுது' என்பார்கள் நம் வீடுகளிலே. 'நான் தேடுகிறேன்' அன்று, 'எனக்குத் தேடுது'. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது என்பவற்றைப் போல, நம்மைக் கேளாமலே வந்து சேர்வது அது. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக நிற்க, தமிழில் 'எனக்கு' என நான்காம் வேற்றுமை வந்து நிற்கிறது. பட்டப்படிப்பிலே இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

'எனக்கு அண்ணனைத் தேடுகிறது' என்று திருத்திக் கொடுத்தேன். 'சேர், இது வீட்டுப் பேச்செல்லோ, கட்டுரைக்கு வருமோ?' என்று கேட்டான். 'ஏன் வராது? எழுது' என்றேன்.

எங்கள் ஒழுங்கையிலே ஓர் ஆச்சி இருக்கிறார். மகள் குடும்பம் இலண்டனில். ரெலிபோனிலே பேரன், 'ஐ மிஸ் யூ அம்மம்மா' என்றானாம். 'எனக்கும் உன்னைத் தேடுது மோனை' என்றிருக்கிறார் ஆச்சி. அவன் அறிந்த தமிழிலே, தொலைந்த பொருளைத்தான் தேடுவார்கள். 'நான் தொலையேல்லை அம்மம்மா, வீட்டிலைதான் நிக்கிறன்' என்று பதறிப்போனானாம். ஆச்சி விளக்கிச் சொன்னார்.

இப்பொழுது ஞாயிறு தோறும், 'அம்மம்மா, தேடுதோ?' என்று கேட்டுத்தான் அவன் பேச்சைத் தொடங்குகிறான்.