மஞ்சள் ஆயிட்டாளா? ஆணை வெளிய எடுங்க

இன்னைக்கு காக்கட்டூ அபிஸ்டோ. அமேசான் பக்கத்து குட்டி சிக்லிட். ஆண் சுமார் 8 செ.மீ., பெண் 5 செ.மீ. 2 அடி தொட்டி போதும்.

கவுத்து வச்ச கொட்டாங்குச்சிக்குள்ள, மேல்பக்கமா பெண் முட்டை ஒட்டும். உடம்பு பளிச்சுனு மஞ்சளாகும். அதுக்கப்புறம் தொட்டியே அவளோடதுதான். தன்னைவிடப் பெரிய ஆணையும் துரத்தித் துரத்திக் கடிப்பா. ஆத்துல அவன் தப்பிச்சு ஓடிடலாம். 2 அடி கண்ணாடிக்குள்ள எங்க ஓடுவான்? செத்தே போகலாம். அதனால மஞ்சள் தெரிஞ்சதும் ஆணை வேற தொட்டிக்கு மாத்திடுவேன்.

முட்டை சுமார் 3 நாள்ல பொரியும், குஞ்சு நீந்த இன்னும் 5 நாள். தீனி, அப்பத்தான் பொரிஞ்ச ஆர்ட்டிமியா. பவுடர் தீனியை மட்டும் நம்பாதீங்க.

சென்னைக்காரங்க இதைக் கவனிங்க: அபிஸ்டோ இனங்கள் பலதுல தண்ணி சூடு ஏறினா ஆண் குஞ்சு அதிகமாகும். மொட்டைமாடிக்குக் கீழ இருக்குற வீட்ல, மே மாசம் தொட்டித் தண்ணி சும்மாவே 31 டிகிரி. கொளத்தூர் கடைங்கள்ல கலரான ஆணுக்கு ஆள் இருக்கு, சரி. அடுத்த ஜோடிக்குப் பெண் வேணுமே? அதான் நான் டிசம்பர், ஜனவரியில மட்டும் ஜோடி சேர்க்குறேன். அப்ப தண்ணி 26 கிட்ட நிக்கும்.