பொயிலருக்கு எந்தக் குழாய்?

(வவுனியாவில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



1977லும் 1983லும் கலவரத்துக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த நம் சனங்களின் பிள்ளைகள் சிலர் இன்று அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் பொயிலரடியில் நிற்கிறார்கள். ஒரு தம்பி நம்மிடம் கேட்டார்: "ஐயா, பொயிலர்க் குழாய் ஓட்டையாப் போச்சு. பழைய இரும்புக் கடையில தண்ணிக் குழாய் கிடக்கு. அதை வெட்டி ஒட்டச் சொல்றாங்க. செய்யலாமா?"

செய்யவே கூடாது. தேயிலை ஸ்டோரில் காற்றைச் சூடாக்கும் அடுப்புக் குழாய் வெடித்தால் தூளில் புகை வாசம் ஏறும், நட்டம் தேயிலையோடு போகும். பொயிலரில் இருப்பதோ அமுக்கம். குழாய் கிழிந்தால் பக்கத்தில் நிற்பவன் வெந்து போவான்.

"அப்போ, விலை கூடின கலப்புருக்குக் குழாய் போடுவோமா?" என்றார். அதுவும் தேவையில்லை. 10 பார் அமுக்கத்தில் நீராவியின் சூடு ஏறக்குறைய 180 பாகை செல்சியஸ்தான். பொயிலருக்கென்றே செய்த சாதாரண கார்பன் உருக்குக் குழாய் அதைத் தாங்கும். நுரைச்சோலை அனல் மின்நிலையம் போன்ற இடங்களில் நீராவி 500 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் சாதாரண உருக்கு அமுக்கத்துக்கு இழுபட்டு, மெல்ல மெல்ல உப்பி, ஒருநாள் வெடிக்கும். அதனால்தான் அங்கே குரோமியமும் மொலிப்தினமும் கலந்த உருக்கு. அதை ஒட்டுவதற்கும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு வெடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கேடே வராது என்று நினைக்கிறோம். சமையலறைக்குச் சரி. உப்புத் தண்ணீரும் சூடும் சேர்ந்தால் அதிலும் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும், வெடிப்பும் காணும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையில் அந்தக் குழாயைக் கெடுத்தது தண்ணீர்தான். தோட்டத்தில் பீலித் தண்ணீர் கொதித்த கேத்தலைப் பார்த்த அம்மாமாருக்குத் தெரியும், அடி சுத்தமாக இருக்கும். இங்கே கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நாளில் வெள்ளைப் படை பிடிக்கிறது. பொயிலரிலும் அதே படைதான். படை தடித்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே நின்றுவிடும். அப்போது 180 பாகைக் கணக்கெல்லாம் பொய். தண்ணீரை மென்மையாக்காமல் எந்தக் குழாய் போட்டாலும் திரும்பக் கெடும்.

குழாய் வாங்கும்போது அதில் பொறித்த தர இலக்கத்தைப் பாருங்கள், உற்பத்திச் சான்றிதழையும் கேளுங்கள். பார்வைக்கு எல்லா இரும்பும் ஒன்றுதான். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி பொயிலரை அதிகாரம் பெற்றவர் பரிசோதிக்க வேண்டும். அந்தத் தம்பி முதலாளியிடம் இதைச் சொல்லப் பயப்படுகிறார். வேலை போய்விடுமாம். நாமே கூடப்போய்ப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறோம். இப்படி வேறு யாரும் இருந்தால் கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.