வேலுத்தம்பி தளவாய்: புகழும் பழியும்

இறந்தவரைப் பற்றி இழிவாகப் பேசலாகாது என்பது நம் பெரியோர் வகுத்த நன்முறை. இழவு வீட்டில் பழைய வழக்கைக் கிளறுபவனை ஊர் மதிப்பதில்லை. தனி மனிதரைப் பொறுத்தவரை இம்முறை செம்மையானதே. ஆயின் நாட்டை ஆண்டவருக்கும், நாட்டின் விடுதலைக்கென வாளெடுத்தவருக்கும் இது பொருந்துமா? அவர்கள் செய்த நன்மை நம்முடைய உடைமை என்றால், அவர்கள் செய்த தீமைக்கு மட்டும் உரியவர் யார்? இவ்வினாவையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் சற்றுத் தொலைவில் தமிழன்பர் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்து, இங்கேயே வேரூன்றிப்போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நாங்கள். பேச்சு, கொச்சியின் பழைய வரலாற்றைத் தொட்டு, வேலுத்தம்பி தளவாயிடம் வந்து நின்றது. கல்குளம் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "எங்கள் மண்ணில் பிறந்த மாவீரர் அவர். அந்நியன் கையில் அகப்படுவதைவிட உயிரை விடுவதே மேல் என்று காட்டியவர்" என்று பெருமிதத்துடன் கூறினார். மிளகுக் கிடங்கு ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர் புன்னகையுடன், "உண்மைதான், சார். ஆனால் அவர் அறுத்த காதுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?" என்றார். அதன் பிறகு அன்று மாலை வேறு பேச்சு நடைபெறவில்லை.

நேயர்களே! வேலுத்தம்பி 1765ஆம் ஆண்டு தலக்குளத்தில் பிறந்தவர். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கல்குளம் வட்டம் தமிழகத்துடன் இணைந்தது. ஆகவே இன்று அவர் பிறந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்திலும், அவர் உயிர் நீத்த மண்ணடி கேரளத்திலும் இருக்கின்றன. இரு மாநிலத்தாரும் 'எம்மவர்' என்று உரிமை கொண்டாடத்தக்க மனிதர் அவர். உரிமை கொண்டாடுவோர் இருவராகும்போது, ஒவ்வொருவரும் தமக்கு உவப்பான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதும் உலக இயல்பே.

அவர் மக்கள் முன் தோன்றியது 1799இல். பாலராம வர்மா அரசராக இருந்த அக்காலத்தில், ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் என்னும் மூவர் ஆட்சியைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். காலியான கருவூலத்தை நிரப்புவதற்காக வசதியுள்ளோரிடம் கட்டாயப் பணம் கேட்கப்பட்டது. மாவேலிக்கரையில் காரியக்காரராக இருந்த வேலுத்தம்பியிடமும் பெருந்தொகை கேட்டார்கள். அவர் மூன்று நாள் தவணை பெற்றுத் திரும்பினார். பணத்துடன் வரவில்லை, மக்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். அரசர் பணிந்தார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரும் கசையால் அடிக்கப்பட்டனர். அவர்களுடைய காதுகள் அறுக்கப்பட்டன. மக்களின் குறையைத் தீர்த்த அந்த முதல் நாளிலேயே கொடுமையும் உடன் பிறந்துவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

1802 அளவில் அவர் தளவாய் ஆனார். கையூட்டு வாங்கிய அதிகாரிகள் அவர் பெயரைக் கேட்டால் நடுங்கினர். அரசின் வருவாய் ஒழுங்குபட்டது. சங்ஙனாச்சேரி போன்ற இடங்களில் சந்தைகள் ஓங்கின. ஆயினும் அந்த ஒழுங்கு அச்சத்தின் மேல் எழுப்பப்பட்டது. உறுப்புகளை அறுத்தலும், மரத்தில் அறைதலும் அவர் காலத்துத் தண்டனைகள் என வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அக்கால அரசுகள் பலவும் அவ்வாறே தண்டித்தன என்று விடை கூறலாம். விடை சரியே. ஆனால் காது இழந்தவனுக்கு அந்த விடையால் காது முளைப்பதில்லை.

1804இல் நாயர் படையினரின் படிப்பணத்தைக் குறைக்க முயன்றார். படை கிளர்ந்தெழுந்தது. அப்போது தளவாய் எங்கே சென்றார்? நேயர்கள் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டும். அவர் கொச்சிக்கு வந்தார். கும்பெனியின் ரெசிடென்டாக இருந்த காலின் மெக்காலேயின் துணையை நாடினார். இவர் நம் நாட்டுக் கல்விமுறையை மாற்றிய மெக்காலே பிரபு அல்லர், வேறொருவர். கும்பெனியின் ஆதரவுடன் கிளர்ச்சி அடக்கப்பட்டது. தலைவர்கள் கொடிய தண்டனை அடைந்தனர். உதவிக்கு விலை உண்டு அல்லவா? 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கும்பெனிக்குச் செலுத்த வேண்டியதாயிற்று. நாட்டின் கழுத்தில் அக்கயிற்றை மாட்டிய கைகளுள் தளவாயின் கையும் ஒன்று.

பாக்கி ஏறியது, மெக்காலேயின் நெருக்குதலும் ஏறியது. நண்பராக இருந்தவர் எசமானராக மாறியதைத் தளவாய் கண்டார். அதே வேளையில் கொச்சி அரசின் முதலமைச்சரான பாலியத்து அச்சனுக்கும் மெக்காலேயுடன் பகை முற்றியிருந்தது. அச்சனின் எதிரியான குஞ்ஞுகிருஷ்ண மேனோனுக்கு ரெசிடென்ட் அடைக்கலம் கொடுத்ததே அதற்குக் காரணம். இரு அமைச்சர்களும் கைகோத்தனர். 1808ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. மெக்காலே மறைந்திருந்து, கப்பலேறித் தப்பினார். நான்கே ஆண்டுகளுக்கு முன் எவரிடம் அடைக்கலம் தேடி இதே கொச்சிக்கு வந்தாரோ, அவரையே பிடிக்கத் தளவாயின் ஆட்கள் வந்த இரவு அது.

1809 ஜனவரி 11ஆம் நாள் குண்டறையில் புகழ்பெற்ற அறிக்கை வெளியாயிற்று. கும்பெனியின் நம்பிக்கைத் துரோகத்தையும் பேராசையையும் எடுத்துக் கூறி, மக்களை எழுமாறு அது அழைத்தது. வணிகம் செய்ய வந்தவன் ஆளத் தொடங்கிவிட்டான் என்பதை அத்தனை தெளிவாகத் திருவிதாங்கூரில் அதற்கு முன் எவரும் அறிவித்ததில்லை. ஆயினும் கோயில்களில் சிலுவை நாட்டப்படும், சாதி முறைகள் குலைக்கப்படும் என்ற அச்சத்தையும் அதே அறிக்கை எழுப்பியது. மட்டாஞ்சேரியில் வாழும் எமக்கு அப்பகுதி சற்று உறுத்துகிறது. இங்கே அரண்மனை வளாகத்தில் பழையன்னூர் பகவதி கோயில் உள்ளது. அதற்கு அடுத்தாற்போல் 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் உள்ளது. ஒரு தெய்வத்தின் மணியோசை மற்றொரு தெய்வத்திற்கு இடையூறாகாத ஊர் இது.

போர் நெடுநாள் நீடிக்கவில்லை. கொல்லத்தில் தோல்வி, கொச்சி நகரின் மீது நடந்த தாக்குதலும் முறிந்தது. பிப்ரவரி மாதத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கும்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் காவலை உடைத்து உட்புகுந்தது. பாலியத்து அச்சன் தனியே சமாதானம் செய்துகொண்டு விலகினார். அதனால் அவர் தப்பிவிடவும் இல்லை. சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறையிலிருந்து, இறுதியில் காசியில் மாண்டார். இதற்கிடையே புறக்காட்டில், கும்பெனி மருத்துவர் ஒருவரும் முப்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களும் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் களத்தில் வாளேந்தி நின்று மடிந்தவர்கள் அல்லர்.

தளவாய் மண்ணடிக்கு ஓடினார். அரசரே அவரைக் கைவிட்டார். பகவதி கோயிலில் பகைவர் சூழ்ந்தபோது, 1809 மார்ச்சு மாத இறுதியில், அவர் உயிர் நீத்தார். உடனிருந்த தம்பி பத்மநாபன் பிடிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து வீடு தரைமட்டமாயிற்று. தளவாயின் உயிரற்ற உடலைத் திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் கட்டித் தொங்கவிட்டனர். இச்செயலைக் கும்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த மின்டோ பிரபுவே கண்டித்தார்.

நேயர்களே! கதை இவ்வளவே. தீர்ப்பு யாது?

ஆசிரியர் நண்பர் கூறிய வாதம் இது: மனிதனை அவனுடைய முடிவைக் கொண்டு அளக்க வேண்டும். பணிந்திருந்தால் தளவாய் பதவியோடும் செல்வத்தோடும் வாழ்ந்திருக்கலாம், அவர் பணியவில்லை. அந்த ஒன்று மற்ற அனைத்தையும் கழுவிவிடுகிறது. நம் கட்டபொம்மனைப் பற்றியும் இத்தகைய வழக்கு நடந்ததுண்டு. 1799இல் கயத்தாற்றில் அவர் தூக்குக்கயிற்றை ஏற்ற நிலையே மக்கள் உள்ளத்தில் நிலைத்தது.

மற்றோர் அன்பர் மறுத்தார்: தன் பதவிக்கு ஆபத்து வந்த பிறகே தளவாய்க்கு நாட்டுப்பற்றுப் பிறந்தது, கும்பெனியை அழைத்தவரே அவர், ஆகவே வீரர் என்னும் பட்டம் பிற்காலத்தார் சூட்டிய பொய்முடி.

இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. இருவர் கூற்றும் நிறைவு பெறவில்லை. அப்போதுதான் கணக்கெழுதும் பெரியவர் தம் தொழில் அறிவிலிருந்து ஒன்று சொன்னார்: "பேரேட்டில் வரவும் பற்றும் தனித்தனிப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்றை மற்றொன்றில் கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுதி வைத்தால், பிறகு வருபவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. மனிதர் கணக்கும் அப்படித்தான்."

எத்துணை ஆழ்ந்த சொல்! தளவாயின் சாவு, புறக்காட்டில் இறந்தவர்களின் உயிரை ஈடு செய்யாது. புறக்காட்டின் கொலை, குண்டறையில் அவர் உரைத்த உண்மையைப் பொய்யாக்காது. இரண்டும் நடந்தவை, இரண்டும் ஏட்டில் நிற்கட்டும்.

ஆயினும் இருபக்கக் கணக்கை எழுதி வைத்ததோடு நம் கடமை முடிந்ததாக நான் கருதவில்லை. அவ்விரு பக்கங்களுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. அதுவே நமக்குப் பாடம். தளவாய் தம் ஆட்சியை அச்சத்தால் நடத்தினார். உரிமை கேட்ட சொந்தப் படையினரை அந்நியன் துணைகொண்டு நசுக்கினார். பின்னர் அதே அந்நியனை எதிர்க்க அவர் மக்களை அழைத்த நாளில், பலர் வந்தனர். ஆனால் தோல்வி தொடங்கியதும் அவரைச் சுற்றி நிற்க ஆள் இல்லை. தோல்விக்குப் படைபலமும் ஒரு காரணமே, மறுக்கவில்லை. எனினும் அஞ்சி வணங்கியவன் ஆபத்தில் உடன் நிற்பதில்லை என்பது அன்று மெய்யாயிற்று. அவர் கையாண்ட வழி, அவர் கருதிய நோக்கத்தையே குறைத்துவிட்டது. இதனைச் சொல்லாமல் அவருக்கு மாலை சூட்டினால், அடுத்து வரும் தலைவனுக்கு நாம் தவறான பாடம் கற்பிக்கிறோம். நோக்கம் உயர்ந்ததாயின் காது அறுக்கலாம் என்று அவன் எண்ணிக்கொள்வான்.

மற்றொன்றும் கூற வேண்டும். இறந்த உடலைத் தூக்கிலிட்ட வெற்றியாளர், தம்மை அறியாமலே தளவாய்க்குப் புகழ் தேடிக் கொடுத்தனர். எதிரியின் சிறுமை ஒருவனைப் பெரியவனாகக் காட்டும். ஆனால் அது அவனைக் குற்றமற்றவனாக ஆக்கிவிடாது. இன்று திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் அவர் சிலை நிற்கிறது. 2010இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. இவை தகாதவை என்று நான் சொல்ல மாட்டேன். அச்சிலையின் அடியில் நின்று ஒரு தந்தை தன் குழந்தைக்கு முழுக்கதையையும் சொல்வானாயின், சிலை தன் பயனை அடைந்துவிடும்.

தாய்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தொலைவில் இருப்பவர்க்குத் தம் ஊர்ப் பெரியோர் மீது பற்று மிகுதி. பக்கத்து வீட்டார் நம் தலைவரைக் குறை கூறினால் நெஞ்சு துடிக்கிறது. அத்தருணத்தில் குறை கூறுபவர் பகைவர் என்று எண்ணாமல், அவர் சொல்வது நடந்ததா என்று கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். நம்முடைய தலைவர்களின் குற்றத்தை நாமே சொல்லத் துணிந்தால், அவர்களுடைய பெருமையை நாம் சொல்லும்போது அயலார் செவி சாய்ப்பர்.

அன்று மாலை நாங்கள் பிரியும் வேளையில் ஆசிரியர் நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "அண்ணாச்சி, அடுத்த முறை பேரப்பிள்ளைகளைத் தலக்குளத்துக்கு அழைத்துப் போகும்போது, காது அறுத்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன்" என்றார். கணக்குப் பெரியவரோ, "அப்படியானால் மண்ணடிக் கதையை நான் என் பேரனுக்குச் சொல்கிறேன், சார்" என்று விடையிறுத்தார்.

வழக்கில் இருவரும் தோற்கவில்லை. இறந்தவருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, அவரை முழுமையாக நினைவிற் கொள்வதே.