புதிதாக ஓடுவோரின் கால் வலி



வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் கூடுமிடம் ஒரகடம். மோட்டார்த் தொழிற்சாலைகளால் பெயர் பெற்ற இவ்வூரில், வைகறையில் இளைஞர் சிலர் ஓடிப் பழகுவதை நான் காண்கிறேன். அவருள் கல்லூரி மாணவர் உண்டு. ஆலையில் எட்டு மணி நேரம் நின்று உழைத்துவிட்டு வருவோரும் உண்டு. பலர் காவலர் தேர்வை எண்ணி ஓடுகின்றனர். அத்தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்திற்குள் ஓடி முடித்தல் வேண்டும். தேர்வு நெருங்கிய பின்னரே பலர் தொடங்குகின்றனர். முதல் நாள் உற்சாகம். மூன்றாம் நாள் படியிறங்க இயலாத வலி. நான்காம் நாள் ஆளையே காணோம்! ஓர் இளைஞனின் எதிர்காலமே இவ்வலியை அவன் அறிந்து நடந்துகொள்வதைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. ஆகையால் அதனைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

இவ்வலி எதனால் உண்டாகிறது? தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால் என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். தசையின் வெப்பத்தையும் அவ்வமிலத்தையும் ஆராய்ந்த ஹில், மேயர்ஹாஃப் என்னும் இருவருக்கு 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஆனால் ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்திற்குள் அவ்வமிலம் பழைய அளவுக்குத் தணிந்துவிடுகிறது. வலியோ மறுநாள் எழுந்து, இரண்டு மூன்று நாட்களில் உச்சமடைகிறது. போய்விட்ட விருந்தாளி மீது மறுநாள் நடந்த குற்றத்தைச் சுமத்தலாமா? 1902ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்க அறிஞர், தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிவுகளே காரணம் எனக் கருதினார். அச்சிறு சிதைவுகளும், அவற்றைச் செப்பனிட உடல் மேற்கொள்ளும் வேலையுமே வலிக்குக் காரணம் என்பது இன்றைய கருத்து.

வண்டியிலிருந்து நெல்மூட்டையை மெல்ல இறக்குபவனைப் பாருங்கள். அவன் கைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசைக்கு மிகுந்த சிதைவைத் தருவது இவ்வகை வேலைதான். ஓடும்போது ஒவ்வோர் அடியும் தரையில் படுகையில், தொடையும் கெண்டைக்காலும் இப்படியே உடலைத் தாங்குகின்றன. சரிவில் இறங்கி ஓடினால் வலி மிகுவதும் இதனாலேயே.

இனிப் பரிகாரம் யாது? எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. அதுவே கால்களுக்கும் விதி. ஒரு நிமிடம் ஓடுங்கள். இரண்டு நிமிடம் நடங்கள். இவ்வாறு 20 நிமிடம், வாரத்தில் மூன்று நாள் போதும். வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது கூட்டுங்கள். ஒருமுறை அளவாக வருந்திய தசை, அதே வேலைக்கு அடுத்த முறை அவ்வளவு வருந்துவதில்லை. ஆகவே வலி கண்டு அடியோடு நிறுத்துபவன், ஒவ்வொரு முறையும் முதல் நாள் வலியையே திரும்ப வாங்குகிறான்.

வலிக்கும் நாளில் படுத்தே கிடவாமல் மெல்ல நடப்பது நன்று. இதமான எண்ணெய்த் தேய்ப்பு ஆறுதல் தரும். முரட்டுத்தனமாகப் பிசைய வேண்டாம். ஓடுமுன் தசைகளை நீட்டி நிற்பதால் மட்டும் இவ்வலியைப் பெரிதும் தடுக்க முடியாது. வலியை மறைக்க மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுதல் தகாது. எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டுவதற்கு அது ஒப்பாகும். பயறு, வேர்க்கடலை, முட்டை போன்ற உணவும் நல்ல உறக்கமும் தசையைச் செப்பனிடும். இரவு முறை வேலை பார்த்தவர், உறங்கி எழுந்த பின்னரே ஓடுக.

எல்லா வலியும் ஒன்றன்று என்பதை மறவாதீர்கள். இரு கால்களிலும் பரவலாக எழுந்து, நாளுக்கு நாள் தணிவது பழக்கமின்மையின் வலி. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் குத்தி, ஓட ஓட மிகுவது வேறு. அது எலும்பில் கீறல் விழுவதன் அறிகுறியாகலாம். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறினாலும், கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனாலும், ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்க. முன்னது இரத்தம் உறைந்ததாலும், பின்னது தசை பெரிதும் சிதைந்ததாலும் வரக்கூடும். பின்னது சிறுநீரகத்தையே கெடுக்க வல்லது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் விழித்தெழுபவனைக் காட்டிலும், மூன்று திங்களுக்கு முன்பே மெல்லத் தொடங்குபவனே வெல்லும் வாய்ப்புடையவன். பாடத்தை ஒரே இரவில் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுத் தப்பியவர் உண்டு. கால்களிடம் அந்த வித்தை பலிக்காது. அவை நாள்தோறும் பள்ளிக்கு வரும் மாணவனையே தேர்ச்சி பெறச் செய்கின்றன. நீங்கள் அத்தகைய மாணவராக விளங்குவீர்களாக.